மார்கழியில் ஸ்வெட்டரை விட உலர்ந்த சாக்கு மேல்

டிசம்பர் பிறந்துவிட்டால் என் கால்நடை கிளினிக்கில் நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, “டாக்டர், இவனுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிடலாமா?” என்பதுதான். சென்னைவாசிகளுக்கு என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். வேண்டாம், அந்தக் காசுக்கு இரண்டு நல்ல பருத்தித் துண்டு வாங்குங்கள்.

இந்த ஊரில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். லேப்ரடாருக்கும் நம் தெருவில் திரியும் நாட்டு நாய்க்கும் அது சுகமான குளிர். வருடத்திலேயே அவை நன்றாகத் தூங்குவது அப்போதுதான். தொல்லை வேறு இடத்திலிருந்து வருகிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுத்துக்கொண்டு போகிறது. சுவர் காய்வதில்லை, மிதியடி காய்வதில்லை, நாயின் விரலிடுக்கும் காய்வதில்லை. இந்த மாதங்களில் என்னிடம் வரும் தோல் நோய்களில் பாதிக்கு மேல் அந்த ஈரத்தில் ஆரம்பித்தவைதான்.

இதைப் படித்ததும் உங்கள் நாயின் முன்னங்காலைத் தூக்கி, விரல்களை விரித்துப் பாருங்கள். பாதத்து மெத்தைகளுக்கு நடுவே இருக்கும் தோல் வெளிறிய நிறத்தில் உலர்ந்து இருக்க வேண்டும். சிவந்து, பிசுபிசுவென்று, புளித்த வாடை அடித்தால் பூஞ்சை குடியேறிவிட்டது என்று அர்த்தம். வெள்ளை நாயாக இருந்தால் பாதத்து முடி செம்பழுப்பாக மாறியிருக்கும். பலர் அதைச் சேற்றுக் கறை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது நாய் நக்கி நக்கி ஏறிய எச்சில் கறை. அரிக்கிறது, அதனால் நக்குகிறது. நக்கியதால் மறுபடி ஈரம். தேய்த்துக் கழுவினால் இன்னும் கொஞ்சம் ஈரம்.

வாக்கிங் முடிந்து வந்ததும் பாதங்களைச் சாதாரணத் தண்ணீரில் அலசி, துண்டின் ஓரத்தை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டுத் துடைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. காது தொங்கும் ஜாதிகளுக்குக் காது மடலைத் தூக்கி மோந்தும் பார்த்துவிடுங்கள். காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரெட்ரீவர் எல்லாம் மழைக்காலம் முடிவதற்குள் ஒருமுறையாவது காதுவலியோடு வந்துவிடும். நாற்றமோ கறுப்பு அழுக்கோ இருந்தால் பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், அப்படியே கூட்டி வாருங்கள். குளிப்பாட்டுவதானால் வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில். அடிமுடி வரை உலர்த்த நேரமில்லாத நாளில் குளிப்பாட்டவே வேண்டாம்.

படுக்கும் இடமும் அப்படித்தான். டைல்ஸ், கிரானைட் தரை ராத்திரியில் சில்லிட்டுப் போகும். ஒரு சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள், தினமும் வெயிலில் காட்டி எடுங்கள். இங்கே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, முடியும் கட்டை. மற்ற நாய்களுக்கு உறைக்காத குளிர் இவற்றுக்கு உறைக்கும். வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கை தோல் காய்த்துப் போய் வரும் சிப்பிப்பாறைகள் நிறைய. இவற்றுக்கும், ரொம்ப வயதானவற்றுக்கும், சிறு குட்டிகளுக்கும் ராத்திரி ஒரு பருத்திச் சட்டை போட்டுவிடலாம். நனைந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும். ஈரச் சட்டை வெறும் உடம்பை விட மோசம்.

ஈரத்தின் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் அந்தத் தண்ணீரை நக்கினாலும் போதும், பாதத்தில் சின்ன வெடிப்போடு அதில் நடந்தாலும் போதும். முதலில் காய்ச்சலும் சாப்பிடாமையும். அப்புறம் வாந்தி, பின்னங்காலில் வலி. கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும் வரை பல வீடுகளில் காத்திருக்கிறார்கள். அதற்குள் கல்லீரலும் சிறுநீரகமும் அடி வாங்கியிருக்கும். நோய் வந்த நாயின் மூத்திரத்திலிருந்து வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் அதைத் துடைக்கக் கூடாது. தடுப்பூசி இருக்கிறது. ஆனால் லெப்டோ ஊசியின் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு வருடம்தான், அதனால் ஆண்டுதோறும் போட வேண்டும். மார்ச்சில் போட்டால் போதும் என்று விடாமல், மழைக்கு முன்னால் செப்டம்பரில் அமையும்படி உங்கள் மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

இருமல் பற்றி ஒரு வார்த்தை. “எலும்பு தொண்டையில சிக்கிக்கிச்சு டாக்டர்” என்று பதறிக்கொண்டு ஓடி வருவார்கள். நாய் கழுத்தை நீட்டி, கக்குவது போல் இருமி, கடைசியில் கொஞ்சம் நுரை துப்பும். எலும்பு ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் அது கென்னல் காஃப், நாய்க்கு நாய் பரவும் மூச்சுக்குழல் தொற்று. பள்ளி அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாயை போர்டிங்கில் விட்டுப் போகிறோம் அல்லவா, அங்கே பத்து நாய்களோடு சேர்ந்து வாங்கிக்கொண்டு வரும். விடுவதற்குச் சில வாரம் முன்பே அதற்கான தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். குளிர் மாதங்களில் வயதான நாய்கள் காலையில் எழுந்திருக்கத் திணறும். மூட்டு பிடித்துக்கொள்ளும், மாடிப்படி முன் நின்று யோசிக்கும். பார்க்கச் சகிக்காமல், வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைத் திறக்கிறார்கள். பாராசிட்டமால் பாதி, இப்யூபுரூஃபன் கால், முதுகுவலிக்கு வாங்கி வைத்த டைக்ளோஃபெனாக். அன்பில் செய்கிற காரியம்தான், அதை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலில் புண் வைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். கறுப்புத் தார் மாதிரி மலம் போன பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரல் போய்விடும். பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்களுக்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. ரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுக்கிறோம். அதுவரை கால் வழுக்காத தரைவிரிப்பு, குறைந்த எடை, வெயிலில் மெதுவான நடை, இவையே நிறையச் செய்யும்.

மாத்திரை மட்டும் அல்ல. பீரோவிலிருந்து கம்பளியை எடுக்கும்போது உருண்டு விழும் பாச்சை உருண்டை நாய்க்கு விஷம். மூக்கடைப்பு என்று தேய்க்கும் தைலத்தில் கற்பூரம் இருக்கிறது, நாய் அதை நக்கிவிடும். கிறிஸ்துமஸ் கேக், சர்க்கரைப் பொங்கல் இரண்டிலும் உலர் திராட்சை இருக்கும். சில நாய்களுக்குக் கொஞ்சம் திராட்சையே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கிறது. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. தின்றுவிட்டால் “பார்க்கலாம்” என்று உட்காராதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் வாந்தி எடுக்க வைத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

போகி அன்று விடியற்காலையில் பக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களை வெளியே கொண்டு போக வேண்டாம். பழைய டயர் புகையும் பனியும் சேர்ந்து நிற்கும் காற்றில் அவை மூச்சுக்குத் தவித்துப் போகும்.

இவ்வளவும் வீட்டு நாய்க்கு. தெருவில் இந்த மாதங்கள் குட்டிகளின் காலம். நம் ஊர்த் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்கு முன்னால் இணை சேர்ந்து, 63 நாள் சுமந்து, சரியாகக் குளிருக்கு முன்னும் பின்னும் குட்டி போடுகின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்து எம்-சாண்ட் குவியல், அபார்ட்மென்ட் ஜெனரேட்டரின் பின்புறம், நின்று சூடு ஆறாத காரின் அடி எல்லாமே பிரசவ அறை. காலையில் காரை எடுக்கும் முன் குனிந்து ஒரு பார்வை பாருங்கள், பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே அள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம். தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். அது வரவே இல்லை, அல்லது அடிபட்டுவிட்டது என்றால் மட்டும் எடுங்கள். எடுத்த குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து, சப்பினால் நல்லது. வாயின் உட்புறமே சில்லென்று இருந்து, சப்பாமல் கிடந்தால் அந்தக் குட்டிக்கு இப்போது பால் கொடுக்கக் கூடாது. பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடலும் வேலை செய்யாது. உள்ளே போகும் பால் செரிக்காமல் அப்படியே நிற்கும், அல்லது நுரையீரலுக்குப் போய்விடும். பசியில் கிடக்கிறதே என்று பாலை ஊற்றி, ஒரு மணி நேரத்தில் குட்டியை இழந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் சூடு. உங்கள் சட்டைக்குள், வயிற்றோடு அணைத்து வையுங்கள். அல்லது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்து, சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். மெதுவாக, ஒரு மணி நேரமோ இரண்டோ ஆகட்டும். வாய் வெதுவெதுப்பாகி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு பால். பசும்பாலில் நாய்ப்பால் அளவுக்குப் புரதமும் கொழுப்பும் கிடையாது. கடைகளில் குட்டிகளுக்கென்று பால் பவுடர் கிடைக்கிறது. குழந்தையை ஏந்துவது போல் மல்லாக்கப் பிடிக்காமல், தாயிடம் குடிப்பது போலவே குப்புற வைத்துக் கொடுங்கள்.

குட்டியை வளர்க்க முடிவு செய்தால், வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கும் பட்சத்தில் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். ரத்த பேதி உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு ‘போட்டாச்சே’ என்று தெருவில் இறக்கிவிடுவதால் போகும் உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. தெருவிலேயே இருக்கும் தாய்க்கு, குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாநகராட்சியிடம் சொன்னால் பிடித்துப் போய் அறுவை செய்து, 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வெறிநாய்த் தடுப்பூசியும் போடுவார்கள். அடுத்த மார்கழிக்கு அந்த எம்-சாண்ட் குவியலில் குட்டிகள் கிடக்காமலிருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குட்டிகளோடு விளையாடும் பிள்ளைகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். “சின்னக் குட்டிதானே, பால் பல்தானே” என்று கீறலை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. கடியோ கீறலோ, ரத்தம் வந்ததோ இல்லையோ, குழாயடியில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.