லாக் கோப்பை அழித்தேன், டிஸ்க் ஏன் காலியாகவில்லை?

யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், நிரல் தன் நடப்புகளை வரிவரியாகக் குறித்துவைக்கும் லாக் கோப்பு ஒன்றே ஒன்று 40 ஜிபிக்கு வீங்கிக் கிடந்தது. பழைய லாக்தானே என்று ஆர்எம் கட்டளை கொடுத்து அழித்தேன். கோப்பு போய்விட்டது. டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் போட்டுப் பார்த்தேன்: அப்போதும் 100 சதவீதம். டியூ போட்டுக் கோப்புகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 40 ஜிபி குறைவு. ஒரே டிஸ்க்குக்கு இரண்டு கணக்கு.

இரண்டு கட்டளைகளும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் நினைத்திருந்ததில்தான் கோளாறு. லாக் என்றால் டிஸ்க்கில் ஒரு பெயரில் கிடக்கும் கோப்பு, அவ்வளவுதான் என்று இருந்தேன். அதை ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், திறந்து பிடித்தபடி எழுதிக்கொண்டே இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்த எழுத்து எங்கே தொடங்குகிறது? பெரும்பாலான சிஸ்டம் சேவைகள் பிழை ஏற்பட்டதும் தாமே கோப்பைத் திறந்து எழுதுவதில்லை. ஒரு வரியைத் தயாரித்து, டெவ் டைரக்டரியில் லாக் என்ற பெயரில் இருக்கும் சாக்கெட்டில் (நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வாசல்) போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடும். மறுமுனையில் பின்னணியிலேயே ஓடும் சிஸ்லாக் டீமன் என்ற நிரல் காத்திருக்கும். எந்த வரி எந்தக் கோப்புக்கு, எது வேறொரு சர்வருக்கு, எதைத் தூக்கிப் போடலாம் என்று முடிவு செய்வது அதன் பொறுப்பு. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், எரிக் ஆல்மன் தன் மின்னஞ்சல் நிரலான சென்ட்மெயில் வேலைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. வசதியாக இருக்கவே மற்ற நிரல்களும் அதில் தொற்றிக்கொண்டன. பல ஆண்டுகளுக்கு அப்புறம் 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம், அதுவரை நடந்துவந்த வழக்கத்தை அப்படியே எழுதிவைத்தது.

சாக்கெட்டில் விழும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கூர் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். உதாரணத்துக்கு 34. இதை 8ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 2. ஈவு, வரி எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. 4 என்றால் லாகின், கடவுச்சொல் சார்ந்த விஷயம். மீதி அதன் தீவிரம். தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை எட்டே படிகள் என்பதால் மூன்று பிட் போதும். துறை எண்ணை அதற்கு மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 0 என்றால் சிஸ்டமே பயன்படுத்த முடியாத நிலை, 3 சாதாரணப் பிழை, 7 நிரல் எழுதியவருக்கு மட்டும் உதவும் துணுக்கு.

துறைப் பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 7ஆம் எண் பழைய விவாதக் குழுக்களான நெட்வொர்க் நியூஸுக்கு, 8ஆம் எண் கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் பழைய முறையான யூயூசிபிக்கு. இன்று இவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனாலும் இடத்தைக் காலி செய்யவில்லை. வெப் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் எண்ணே கிடையாது. உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த 16 முதல் 23 வரையிலான எண்களில்தான் அவை ஒண்டிக்கொள்கின்றன.

தீவிர எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அது நிரலை எழுதியவரின் அபிப்பிராயம். நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் வந்து விழும் ‘எரர்’ வரிகளில் பெரும்பாலானவை, யாரோ தப்பான முகவரியைத் தட்டிய கதையாக இருக்கும். உண்மையான சேதம் சில சமயம் ஒரு வரிகூட எழுதாது. நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். அதிக நினைவகம் தின்பது டேட்டாபேஸ் என்பதால் பலியாவது பெரும்பாலும் அதுதான். கொல்லப் பயன்படும் சிக்னல் 9ஐ எந்த நிரலாலும் தடுக்க முடியாது, விடைபெறும் வரி எழுதவும் அவகாசம் கிடையாது. டேட்டாபேஸின் லாக்கைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நின்றிருக்கும். அடுத்த வரியே மறுபடி தொடங்கிய செய்தி. அந்த இடைவெளிதான் தடயம். ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வாக்குமூலம் கர்னலின் லாக்கில் கிடைக்கும்.

அந்த லாக் தனி ரகம். சர்வர் எழுந்திருக்கும்போது டீமனும் இருக்காது, டிஸ்க்கும் இணைந்திருக்காது. அதனால் கர்னல் தன் செய்திகளை நினைவகத்திலேயே ஒரு வட்ட வடிவ இடத்தில் எழுதிவைக்கிறது. வட்டம் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது ஏறும்.

இடைவெளியைக் கண்டுபிடித்தாயிற்று, அப்புறம் இரண்டு லாக்குகளையும் நேரப்படி ஒட்ட வேண்டும். இங்கே ஒரு பழைய பாவம் குறுக்கே வரும். சிஸ்லாக்கின் மரபான நேர முத்திரையில் மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி உண்டு. ஆண்டு கிடையாது, எந்த நேர மண்டலம் என்பதும் கிடையாது. டிசம்பர் 31க்கும் ஜனவரி 1க்கும் நடுவே வரிசைப்படுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 ஆண்டு, மண்டலம், நொடியின் பின்னம் எல்லாவற்றையும் சேர்த்தது. ஆனாலும் பழைய வடிவம் இன்னும் பல சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எல்லா சர்வர்களையும் உலகப் பொது நேரமான யூடிசியில் வைத்துவிடுவேன், மனதில் கூட்டிக்கழிக்கும் வேலை மிச்சம்.

என் 40 ஜிபிக்கு வருவோம். ஒரு நிரல் டேட்டாபேஸோடு இணைய முடியாமல், இடைவெளியே விடாமல் திரும்பத் திரும்ப முயன்று, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி எழுதியிருந்தது. டீமன் வழியாக வந்திருந்தால் ஓரளவு அணை போட்டிருக்கலாம். பழைய சிஸ்லாக், ஒரே வரி அடுத்தடுத்து வந்தால் ‘முந்தைய செய்தி இத்தனை முறை வந்தது’ என்று சுருக்கிவிடும். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் லாக் பகுதியான ஜர்னல், இன்றைய இயல்பான அமைப்பில் ஒரு சேவை 30 நொடியில் 10,000 வரிகளைத் தாண்டினால் மிச்சத்தை உதறிவிட்டு, எத்தனை உதறினேன் என்று மட்டும் குறித்துவைக்கும். இந்த நிரலோ டீமனை நம்பாமல் தன் கோப்பைத் தானே திறந்து எழுதிக்கொண்டிருந்தது. அணை போட ஆளில்லை.

இப்போது கோப்பின் உள்ளமைப்பு. யூனிக்ஸில் கோப்பு என்பது பெயர் அல்ல. ஐநோடு என்ற குறிப்பேடுதான் கோப்பு. அளவு, உரிமை, தரவு டிஸ்க்கின் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். டைரக்டரியில் தெரியும் பெயர், அந்த ஐநோடைக் காட்டும் ஒரு சீட்டு. நிரல் கோப்பைத் திறக்கும் ஒரு தடவைதான் பெயர் தேவை. அதன் பிறகு அது ஐநோடை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஆர்எம் சீட்டைக் கிழிக்கிறது, அவ்வளவே. சீட்டும் ஒன்றுகூட இல்லை, பிடித்திருப்பவரும் யாருமில்லை என்றால்தான் கர்னல் கட்டங்களை விடுவிக்கும். டியூ சீட்டுகளைப் பார்த்துக் கூட்டுகிறது. அதற்கு அந்த 40 ஜிபி தெரியவில்லை. டிஎஃப் கோப்பு முறைமையிடம் எத்தனை கட்டம் காலி என்று கேட்கிறது, அதற்குத் தெரிந்தது. நான் பெயரை அழித்த பிறகும் அந்த நிரல் பெயரில்லாத கோப்பில் எழுத முயன்றுகொண்டுதான் இருந்தது.

திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, சீட்டு எண்ணிக்கை பூஜ்யமான கோப்புகளை மட்டும் காட்டு என்று கேட்டால் பிடித்திருப்பவர் யார் என்று தெரிந்துவிடும். அன்று அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கினேன். ஒரே நொடியில் 40 ஜிபி திரும்பி வந்தது.

தினசரி லாக்கை மாற்றிவைக்கும் லாக்ரொடேட் இதே விஷயத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. கோப்பின் பெயரை மட்டும் மாற்றும். எழுதுகிற நிரலுக்கு எதுவும் தெரியாது, பெயர் மாறிய அதே கோப்பில் எழுதிக்கொண்டே போகும். பிறகு ஹேங்கப் சிக்னல் அனுப்பினால் நிரல் பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும். கோப்பில் புதிதாக விழும் வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையைச் சிறிய எஃப்போடு விட்டுவைத்தவர்கள் நள்ளிரவுக்கு மேல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இதனால்தான்: அது பழைய ஐநோடையே காவல் காக்கிறது. பெரிய எஃப் போட்டால் பெயரைப் பின்தொடரும்.

சிக்னலுக்குக் காதுகொடுக்காத நிரல்களும் உண்டு. அவற்றுக்காக, கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைப் பூஜ்ய அளவுக்கு வெட்டும் முறை இருக்கிறது. நகலுக்கும் வெட்டுக்கும் நடுவே வரும் வரிகள் தொலைந்துபோகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல் விநோதமானது. கோப்பின் கடைசியில் சேர்க்கும் முறையில் திறக்காத நிரல், தான் எந்த இடம்வரை எழுதினோம் என்பதைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். கோப்பை வெட்டிய பிறகும் அடுத்த வரியைப் பழைய 40 ஜிபி இடத்திலேயே கொண்டுபோய் எழுதும். முன்னால் இருப்பதெல்லாம் கட்டங்களே ஒதுக்கப்படாத துளை. கோப்பின் அளவைக் காட்டும் எல்எஸ் போட்டால் 40 ஜிபி, டியூ போட்டால் சில கிலோபைட். என் பழைய குழப்பம் தலைகீழாக நிற்கும். துளைகளைக் கவனிக்காத பேக்கப் நிரல் ஒன்று அதை நகலெடுத்தால், 40 ஜிபி பூஜ்யங்களையும் ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும்.