நம்பர் 96, ஆனாலும் மூச்சு முட்டுகிறது

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் மாத்திரை டப்பாவுக்குள் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும் சேர்ந்துகிடக்கிறது. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பெரியவர் மாடிப்படி ஏறிவந்து மூச்சுவாங்க உட்கார்ந்தால், முதல் வேலையாக அதை எடுத்து விரலில் மாட்டுகிறார்கள். 96 காட்டுகிறது. "நம்பர் நல்லாத்தானப்பா இருக்கு, அப்புறம் ஏன் இப்படி இரைக்குது?" என்கிறாள் மகள். அவருக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை.

அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான். மூச்சுத்திணறலோ வலியைப் போல மூளை உண்டாக்கும் ஓர் உணர்வு. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு 'இன்னும் இழு' என்று மூச்சுத் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. அதே கட்டளையின் நகல் ஒன்று மூளையின் மேற்பகுதிக்கும் போகிறது. எவ்வளவு காற்று உண்மையில் உள்ளே வந்தது என்ற செய்தி நுரையீரலிலிருந்தும் நெஞ்சுக்கூட்டிலிருந்தும் திரும்பி வருகிறது. பத்து மூட்டை கேட்டு ஆள் அனுப்பிய கடைக்காரருக்கு மூன்று மூட்டை வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? கேட்டதற்கும் வந்ததற்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் மூச்சு முட்டுவதாக உணர்கிறோம்.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு 1954இல் ஃபௌலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை சாட்சி. மூச்சை அடக்கி, இனி முடியாது என்ற கட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவர் நல்ல காற்றைக் கொடுக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு மிகுந்த கலவையைத்தான் இழுக்கவைத்தார். ரத்தத்தின் நிலை கொஞ்சமும் தேறவில்லை. இருந்தும் அவர்களுக்குத் தவிப்பு தணிந்தது, மறுபடியும் மூச்சை அடக்க முடிந்தது. நெஞ்சு அசைந்ததே போதுமானதாக இருந்தது. 1990இல் பான்செட் குழுவினர் இதற்கு மறுபக்கத்தைச் சோதித்தார்கள். நான்கு பேர் விழித்திருக்கும்போதே மருந்தால் தசைகளை முழுக்கச் செயலிழக்கச் செய்து, இயந்திரத்தால் சுவாசம் கொடுத்துக்கொண்டே கரியமில வாயுவைக் கூட்டினார்கள். ஒரு தசையும் அசையாத நிலையிலும் காற்றுக்கான தவிப்பு கடுமையாகவே இருந்தது. (இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு படுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.)

சி.ஓ.பி.டி.யில் அந்த இடைவெளி ஏன் பெருகுகிறது? குறுகிய மூச்சுக்குழாய் வழியே காற்று உள்ளே போய்விடுகிறது, வெளியேறத்தான் நேரம் பிடிக்கிறது. அது முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு தொடங்கிவிட, பழைய காற்று உள்ளேயே தங்கி நெஞ்சு உப்புகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மேல்வளைந்த கூரையாக இருக்க வேண்டிய உதரவிதானம் எனும் மூச்சுத் தசை தட்டையாகி, இழுக்கும் வலு குறைகிறது. பயம் வந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், காற்று இன்னும் தேங்கும். இரைப்புக்கு அஞ்சி நடப்பதைக் குறைத்தால் கால் தசைகள் இளைத்துப்போகும். இளைத்த தசை சின்ன வேலைக்கே அதிகக் காற்று கேட்கும். சுவாசம், எண்ணம், இயக்கம் ஆகிய மூன்றிலும் சுழலும் இந்தச் சுழல்களைத்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அடன்புரூக் மருத்துவமனையின் மூச்சுத்திணறல் சேவைக் குழு தன் சிகிச்சைக்கு அடிப்படையாக வைத்தது. நோய்க்கு உரிய வைத்தியம் முழுதும் செய்த பிறகும் ஆளை முடக்கிப்போடும் திணறலைத் தனிப் பிரச்சினையாகவே கருத வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2017இல் வரையறையும் வகுத்தார்கள்.

அந்தக் கேம்பிரிட்ஜ் குழு சோதித்த கருவிகளில் எனக்குப் பிடித்தது, கையில் பிடிக்கும் பேட்டரி விசிறி. அதை எப்படிச் சோதிப்பது? மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுக்கலாம், போலிக் காற்றுக்கு எங்கே போவது? 2010இல் வெளியான ஆய்வில் 50 நோயாளிகளிடம் ஐந்து நிமிடம் முகத்துக்கும், இன்னொரு முறை காலுக்கும் விசிறச் சொன்னார்கள். முகத்துக்கு விசிறியபோதுதான் திணறல் குறைந்தது. மூக்கு, கன்னம், உதட்டுப் பகுதியில் பரவியிருக்கும் முப்பெருநரம்பு குளிர்காற்றை உணர்ந்து, காற்று வருகிறது என்ற செய்தியை மூளைக்குச் சேர்ப்பதே காரணமாக இருக்கலாம்.

அதே ஆண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வு ஆக்சிஜனைப் பற்றியது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடாத 239 பேரில் பாதிப்பேருக்கு மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன், மீதிப்பேருக்கு அதே மாதிரிக் குழாயில் அறையின் சாதாரணக் காற்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்தவர்களுக்கு அது உயிர்காக்கும் மருந்து, அதில் மாற்றுக் கருத்தில்லை. அளவு சரியாக இருப்பவருக்கும் கடன் வாங்கி ஆக்சிஜன் இயந்திரம் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மருந்துகளின் கதை இன்னும் ஏமாற்றம். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மீது நெடுநாள் நம்பிக்கை இருந்தது. சி.ஓ.பி.டி. உள்ள 156 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு மார்ஃபின் ஒரு வாரத்தில் மிக மோசமான திணறலைக் குறைக்கவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மிர்டாசபைனும் 2024இல் வெளியான ஆய்வில் தேறவில்லை, பக்கவிளைவுதான் மிஞ்சியது. இப்படித் தோற்ற ஆய்வுகளையும் மறைக்காமல் வெளியிடுவது பெரிய விஷயம். பலனில்லாத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவதிலிருந்து நோயாளி தப்பிக்கிறார்.

பலன் தருவதாகத் தேறியவற்றில் முதலிடம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு. கண்காணிப்போடு நடை, கால் கை தசைப்பயிற்சி, மூச்சு உத்திகள் எனச் சில வாரங்கள். மேசையில் முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்தால் தட்டையான உதரவிதானத்துக்குக் கொஞ்சம் வளைவு கிடைக்கும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால் மூச்சுக்குழாய் சீக்கிரம் மூடிக்கொள்ளாது, தேங்கிய காற்று வெளியேறும். ஒன்று கவனம்: புதிதாகவோ திடீரென்றோ வந்த மூச்சுத்திணறலுக்கு இவையெல்லாம் பதிலில்லை, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு இவற்றை ஒரே சேவையாகச் சேர்த்து, சி.ஓ.பி.டி., புற்றுநோய் போன்ற நோய்களால் மூச்சுத்திணறும் 105 பேரிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டது. சுவாச மருத்துவர், வலிதணிப்புக் குழுவினர், வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட், கையில் ஒரு விசிறி. திணறலைச் சமாளிக்க முடியும் என்ற பிடிப்பு நோயாளிகளிடம் கூடியது. ஆறு மாத முடிவில் இந்தச் சேவை பெற்றவர்களில் 94 சதவீதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 75 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். புற்றுநோய் உள்ளவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆயுளை அளக்கவென்று நடத்திய ஆய்வு அல்ல அது, ஆட்களும் குறைவு. எனவே ஆயுள் கூடும் என்று யாரிடமும் உறுதி சொல்ல முடியாது. பிடிப்பு கூடும் என்று சொல்லலாம்.