கைக்கடிகாரம் சொல்வது நடந்து முடிந்த செய்தி

சென்ற வாரம் என் கிளினிக்கிற்கு வந்த பெண், உட்கார்ந்ததும், தோல் வெப்பநிலையை அளக்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெயிலில் கறுத்திருந்த மணிக்கட்டில் வார் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. குளிக்கும் நேரமும் சார்ஜ் போடும் நேரமும் தவிர, ஒன்பது மாதங்களாக அதைக் கழற்றியதே இல்லை என்றார். கருமுட்டை வெளியாகிவிட்டதாகக் கடிகாரம் தெரிவிக்கும் நாளில், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநரான அவருடைய கணவர் விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பாராம். மற்ற நாட்களில் வேலைக் களைப்பால் இருவரும் விலகியே இருந்திருக்கிறார்கள். ஒன்பது மாதமும் ஏமாற்றம், அதற்கு மேல் மாமியார் வீட்டுப் பேச்சு. பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து இதே கதையோடு இந்த ஆண்டு என்னிடம் வந்த நான்காவது தம்பதி இவர்கள். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

கடிகாரத்தில் பழுதில்லை. அது சொல்வதை நாம் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் பழுது இருக்கிறது. மணிக்கட்டின் தோல் வெப்பநிலை உயர்வதால் கருமுட்டை வெளிவருவதில்லை. கருமுட்டை வெளிவந்த பிறகு, அது இருந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பதால்தான் வெப்பநிலை உயர்கிறது. அந்த உயர்வும் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தை ஓர் இரவை வைத்து நம்ப முடியாது என்பதால், அடுத்தடுத்த இரவுகளிலும் உயர்வு நீடிக்கிறதா என்று பார்த்த பின்னரே கடிகாரம் அறிவிக்கிறது. கருமுட்டையோ வெளிவந்த பின் அதிகபட்சம் 24 மணி நேரமே உயிரோடிருக்கும். ஆகவே அறிவிப்பு வந்த நாளில் விடுப்பு எடுப்பது, பேருந்து புறப்பட்ட பிறகு நிறுத்தத்திற்கு ஓடுவதற்குச் சமம். 2022-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கடிகாரத்தில் வெப்பநிலை சென்சாரைச் சேர்த்தபோதே, இது கருமுட்டை வெளியானதைப் பின்னோக்கிக் கணிக்கும் வசதி என்றுதான் அறிவித்தது.

ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை உயிரோடு காத்திருக்கும். எனவே கரு தரிக்க வாய்ப்புள்ள நாட்கள், கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாட்களும் அந்த நாளும்தான். பதினான்காம் நாள் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது 28 நாள் சுழற்சிக்கான தோராயக் கணக்கு. 33 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும் பெண்ணுக்கு அது ஏறத்தாழ பத்தொன்பதாம் நாளாக இருக்கலாம். முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் மருந்தகத்தில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் ஒரு நாளோ ஒன்றரை நாளோ முன்னதாகவே காட்டிவிடும். முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் வழவழவென்று இழுபடும் வெள்ளைப்படுதலும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. அதை நோய் என்று பயந்து கண்ட திரவத்தால் கழுவுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்; தயவுசெய்து கழுவாதீர்கள். பட்டையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்பவர்கள், மாதவிடாய் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும்.

கடிகாரத்தின் வெப்பநிலை வரைபடம் மேலே ஏறியதைக் கண்டு "உடம்பு சூடாகிவிட்டது" என்று பார்லித் தண்ணீரும் இளநீரும் குடிக்கிறார்கள். குடியுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அது தணிக்க வேண்டிய சூடு அன்று. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஓய்வுநிலை இதயத்துடிப்பு சற்று உயர்வதும் அதைப் போன்றதே. அதற்கு மாறாக, தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துப் பகலில் துண்டு துண்டாக உறங்குபவர்களின் வரைபடத்தை என்னாலேயே படிக்க முடிவதில்லை. காய்ச்சல், மது, மின்விசிறிக் காற்று எல்லாமே தோல் வெப்பத்தைக் குலைக்கும். பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய கடிகாரங்கள் சிலவற்றில் வெப்பநிலை சென்சாரே இருப்பதில்லை. நீங்கள் பதிந்த பழைய தேதிகளைக் கூட்டிக் கழித்தே நிறம் காட்டுகின்றன.

அந்த நிறத்தைப் பார்த்து "பாதுகாப்பான நாள்" என்று நம்பிக் கருத்தடையைக் கைவிடாதீர்கள். குழந்தை பெற்றுப் பால் கொடுப்பவர்களுக்கு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம்; கடந்த மாதங்களின் கணக்கு அங்கே உதவாது. அரசாங்கச் சுகாதார நிலையத்திலேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை கிடைக்கிறது. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

கடிகாரத்தை வீசிவிடச் சொல்லவில்லை. ஆறு மாதப் பதிவை என் முன் வைத்தால் உங்கள் நினைவைவிட அது எனக்கு அதிகம் சொல்லும். சுழற்சி 21 நாட்களுக்குக் குறைவாகவோ 35 நாட்களுக்கு மேலாகவோ தொடர்ந்து வந்தால் வாருங்கள். மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்றும் அளவுக்கு இரத்தம் போனால் வரைபடம் சேரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வாருங்கள். அப்படி வந்தவர்களில் சிலரின் ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இறங்கி, கடும் இரத்தச்சோகையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனை தேவை; 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே வர வேண்டும். வரும்போது கணவரையும் அழைத்து வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது 36 வயது. ஒன்பது மாதமும் அவருடைய மணிக்கட்டை மட்டுமே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விந்துப் பரிசோதனை செய்ததுண்டா என்று நான் கேட்டபோது, கணவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை, டாக்டர்" என்றார். வரும் திங்கட்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.