உள்நுழைவுப் பக்கத்தை எந்த டெம்ப்ளேட் மொழியில் எழுதுவது?

டெம்ப்ளேட் மொழி என்பது வலைப்பக்கத்தின் வடிவத்தையும் அதை நிரப்பும் நிரலையும் சேர்த்து எழுதும் முறை. ரூபி மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் கட்டிய ஒரு தளத்தின் பக்கங்கள் எல்லாம் ஹேம்ல் (Haml) என்ற டெம்ப்ளேட் மொழியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்நுழைவு வசதிக்காக டிவைஸ் என்ற செருகுநிரலைச் சேர்க்கிறார்கள். அதன் பக்கங்களோ ஈஆர்பி (ERB) என்ற வேறொரு டெம்ப்ளேட் மொழியில் எழுதப்பட்டவை. ஆனாலும் தளம் சிக்கலின்றி ஓடுகிறது. எப்படி?

கோப்புப் பெயரின் கடைசி ஒட்டை (.haml, .erb போன்றது) பார்த்தே அதை எந்த டெம்ப்ளேட் என்ஜினிடம் கொடுப்பது என்று ரெயில்ஸ் முடிவு செய்கிறது. எந்த என்ஜினானாலும் வேலை ஒன்றுதான்: டெம்ப்ளேட்டை ரூபி நிரலாக மாற்றித் தருவது. ரெயில்ஸ் அதை ஒரு மெத்தடாக்கி, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல்துண்டாக்கி, வைத்துக்கொள்ளும். அழைத்தால் எச்டிஎம்எல் வரும். ஆகவே ஹேம்லில் எழுதிய லேஅவுட்டுக்குள் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான சட்டகம்) ஈஆர்பி பக்கம் இயல்பாகப் பொருந்திவிடும்.

இதனால்தான் செருகுநிரல் எழுதுபவர் ஈஆர்பியிலேயே பக்கங்களைத் தர வேண்டும் என்கிறேன். அது ரூபியோடு சேர்ந்தே வருவது. தனக்குப் பிடித்த ஹேம்லில் எழுதினால், அதை நிறுவும் ஒவ்வொரு தளமும் தேவையில்லாமல் இன்னொரு ஜெம்மை (ரூபி நிரல் பொதி) சுமக்கும்.

தளத்தின் விருப்பத்துக்கு வழி தேடல் வரிசையில் இருக்கிறது. ரெயில்ஸ் முதலில் தளத்தின் சொந்தக் கோப்புறையில் தேடும். அங்கே இல்லையென்றால்தான் செருகுநிரலிடம் போகும். அதே பாதையில் அதே பெயரில் தளம் ஹேம்ல் கோப்பு வைத்திருந்தால் அதுவே வெல்லும், ஒட்டு வேறாக இருந்தாலும். பக்க எண்களைக் காட்டும் காமினாரி என்ற செருகுநிரல் ஒரு படி மேலே போய், பக்கங்களைத் தளத்துக்குள் நகலெடுக்கும்போதே எந்த மொழியில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விடுகிறது.

நகலெடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு: நகல் அன்றைய நிலையிலேயே நின்றுவிடும். 2023இல் வந்த டிவைஸ் 4.9, பக்கத்தை முழுதாக மறுஏற்றாமல் புதுப்பிக்கும் டர்போ என்ற ரெயில்ஸ் நூலகத்துக்கு ஏற்பப் பக்கங்களைத் திருத்தியது. முன்பே நகலெடுத்திருந்த தளங்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது. கையால்தான் செய்ய வேண்டும். எனவே தர்க்கத்தை ஹெல்பர் மெத்தட்களில் (பக்கங்கள் அழைத்துப் பயன்படுத்தும் துணை மெத்தட்கள்) வைத்து, பக்கத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தருவது நல்லது. தளம் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

கோப்புகளின் பாதையும் பெயரும் தளங்களுக்குக் கொடுத்த வாக்கு. அடுத்த பதிப்பில் ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினால் பிழைச் செய்திகூட வராது. தளம் எழுதிய பக்கம் கண்டுகொள்ளப்படாமல் கிடக்க, செருகுநிரலின் பக்கம் திரையில் வந்து நிற்கும். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால் பெரிய பதிப்பு எண்ணுக்குக் காத்திருந்து, மாற்றப் பட்டியலின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.