மேயருக்கு எதற்கு இத்தனை பகை?

கட்டம் கட்டமாகக் கல் அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட். ஆடுபவர்கள் சேர்ந்து ஊர் அமைக்க உதவும் டவுனி என்ற பிளகினை (கூடுதல் மென்பொருளை) போட்ட அதன் சர்வரில், சாதாரணமாக அடுத்த ஊரின் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது. உள்ளூர்க்காரர், கூட்டணிக்காரர், வெளியாள் என்று தரம் பிரித்து, கட்ட, உடைக்க, கதவைத் திறக்கத் தனித்தனி அனுமதி. அது இல்லாதவன் விடிய விடிய பிக்காக்ஸை வீசினாலும் கல் அசையாது. அப்புறம் எதற்கு ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து?

பெங்களூரு அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் இருக்கும் தமிழ்ப் பையன்கள் சிலர் இப்படி ஓர் ஊரை நடத்துகிறார்கள். மேயர் என் அக்கா மகன். அவன் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது: பொருளையெல்லாம் திருட முடியாதபடி பூட்டிவிட்டால், போட்டி பூட்ட முடியாத ஒன்றின்மேல் திரும்பிவிடுகிறது. அதாவது, ஆட்கள்மேல்.

நிலம் 16-க்கு 16 கட்டங்களாகக் கிடைக்கும். ஓர் ஊர் எத்தனை கட்டம் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பாலான சர்வர்களில் குடிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. நாளுக்கு ஒரு முறை கஜானாவிலிருந்து பராமரிப்புப் பணம் தானாகப் போய்விடும். அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் மாதிரிதான். ஆனால் சங்கச் செயலாளரிடம் தவணை கேட்க முடியாது. கஜானா காலியானால், சர்வரின் விதியைப் பொறுத்து, ஊர் கடனில் விழும் அல்லது ஒரேயடியாகக் கலைந்துபோகும். ஆக, ஓர் ஆள் வந்தால் நிலமும் வரியும் சேர்ந்து வரும். போனால் இரண்டும் போகும். புதிதாக ஒருவன் நுழைந்ததுமே "வரி வேணாம் மச்சி, வீடு கட்டியே தர்றோம்" என்று இரண்டு மூன்று மேயர்கள் மொய்ப்பது இதனால்தான்.

நிலத்துக்கான சண்டையில் இன்னும் கொஞ்சம் தந்திரம் வேண்டும். கூடுதல் விலை கொடுத்துத் தொலைவில் வாங்கும் புறக்காவல் கட்டங்களை விட்டால், ஏற்கெனவே இருப்பதை ஒட்டிய கட்டத்தைத்தான் பிடிக்க முடியும். எனவே பகை ஊர் உங்களைச் சுற்றி ஒற்றை வரிசையாகக் கட்டங்களை வாங்கிப்போட்டால் போதும், நீங்கள் வளரவே முடியாது. ஒரு கல் உடையவில்லை, ஒரு விதி மீறப்படவில்லை. பையன்களின் ஊரை ஆற்றுப் பக்கம் இப்படித்தான் அடைத்துவிட்டார்கள். அவர்களும் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது ஊர் ஒன்றோடு சேர்ந்து ஒரே நாடாகி, அடைத்தவனை இரண்டு பக்கமும் நெருக்கினார்கள்.

இது பழைய சங்கதிதான். 2003-ல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற இணைய விளையாட்டில் மேயரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். குடிகள் பெருகினால் ஊரின் தரம் உயரும், ஆனால் ஒரு கிரகத்தில் ஒவ்வொரு தரத்திலும் இத்தனை ஊர்தான் என்று உச்சவரம்பு. ஒருவர் ஓர் ஊரில்தான் குடியாக இருக்கலாம். பக்கத்து ஊரைப் பொறாமையோடு எண்ணிப் பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

சரி, கொள்ளையும் கொலையும் அனுமதிக்கப்பட்ட ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில்? அங்கே பீரங்கிதான் முடிவு செய்யும் என்று தோன்றும். ஆனால் 2009 பிப்ரவரியில், பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மாபெரும் கூட்டணியின் இயக்குநர் ஒருவர் எதிரிகளான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தன் பதவிக்கு இருந்த அனுமதியைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். அந்தப் பெயரையும் எதிரிகளே பதிந்துகொண்டார்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்குக் கட்டவேண்டிய உரிமைக் கட்டணம் தவறியது. அதில் மூண்ட போர் சுமார் 21 மணி நேரம் நடந்து, டைட்டன் எனப்படும் மிகப்பெரிய போர்க்கப்பல்கள் 75 அழிந்தன. கூட்டம் தாங்காமல் சர்வர் ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கியது. அத்தனைக்கும் காரணம் கட்டாமல் விட்ட ஒரு பில்!

இந்தக் கதைகளைக் கேட்ட பிறகு, அல்சூர்ப் பையன்கள் கஜானாவில் கைவைக்கும் அனுமதியை மேயருக்கும் இன்னொருவனுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். அந்த இன்னொருவன் யார் என்பதில் இப்போது ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி.