குழந்தையின் மூளையும் தைராய்டின் தடையும்

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தித் தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதை ஏன் மூன்றாம் நாள்வரை தள்ளுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிறந்த அரை மணி நேரத்தில் டிஎஸ்ஹெச் கிடுகிடுவென ஏறிவிடும். இது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தாலும் இது ஏறும். முதல் நாளே சோதித்தால் நலமான குழந்தைக்கும் தைராய்டு குறை இருப்பதாகக் காட்டும். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரக் கணக்கு. அதற்குமேல் தாமதிக்க முடியாததற்குக் காரணம் மூளை.

கர்ப்பத்தின் முதல் பாதியில் சிசுவுக்குத் தைராய்டு ஹார்மோன் பெரும்பாலும் தாயிடமிருந்தே வருகிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் சொல்வது இதற்காகவே. தைராய்டு ஹார்மோனின் இரு வடிவங்கள் டி4, டி3. மூளைக்குள் நுழையும் டி4 ஹார்மோனிலிருந்து, நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, வீரியம் மிக்க டி3 ஆக்குகின்றன. டி3 நரம்பு செல்லின் உட்கருவுக்குப் போகிறது.

அங்கே நடப்பதுதான் அழகு. ஹார்மோன் வந்து பொருந்தும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி, ஹார்மோன் வந்த பிறகே உட்கருவுக்குள் போகும். தைராய்டு ஏற்பியோ ஹார்மோன் வருவதற்கு முன்பே டிஎன்ஏவின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சும்மா இல்லை. என்கார் என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதோடு ஒட்டிவரும் நொதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலுள்ள அசிட்டைல் குழுக்கள் என்ற சிறு வேதி ஒட்டுகளை நீக்குகிறது. டிஎன்ஏ நூற்கண்டு போல இறுகுகிறது, மரபணு வாசிக்கப்படுவதில்லை. டி3 வந்து பொருந்தியதும் ஏற்பியின் வால்பகுதி மடங்குகிறது. என்காருக்குப் பிடி நழுவுகிறது. அந்த இடத்தில் அசிட்டைல் சேர்க்கும் புரதங்கள் வந்து அமர, நூற்கண்டு தளர்ந்து வாசிப்பு தொடங்குகிறது. நரம்பிழைக்கு உறை போடும் மயலின் புரதத்தின் மரபணு இப்படித் தூண்டப்படுபவற்றில் ஒன்று.

ஆக, ஹார்மோன் குறைந்தால் தூண்டுதல் மட்டும் குறைவதில்லை, தடை விலகாமல் நீடிக்கிறது. 2002-இல் வெளியான எலி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஹார்மோன் இல்லாத எலிகளின் சிறுமூளையில் செல்கள் இடம்பெயர்வது தாமதமாயிற்று, பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்பு செல்கள் சரியாகக் கிளைக்கவில்லை. தைராய்டு ஏற்பியின் ஒரு வகையான ஆல்ஃபா-1 ஏற்பியையும் நீக்கிய எலிகளிலோ, ஹார்மோன் இல்லாதபோதும் அந்தக் கோளாறுகள் வரவில்லை! இடம்பெயர்வுக்கும் கிளைப்புக்கும் காலம் உண்டு. அது கடந்தபின் கொடுக்கும் ஹார்மோன் இழந்ததை முழுதாக மீட்காது.

"சமர்த்துப் பிள்ளை, அழுவதே இல்லை" என்று மகிழ்கிற வீட்டில் இந்தக் குறை ஒளிந்திருக்கலாம். நீளும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், பால் குடிக்கச் சோம்பல் ஆகியவை அறிகுறிகள். முதல் வாரங்களில் பல குழந்தைகளிடம் எந்த அறிகுறியுமே தெரியாது. தோஷம் கழிக்கப் போகும் வாரங்கள் மூளைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. கனடாவின் கியூபெக்கில் 1974-லேயே தொடங்கிய இந்தப் பரிசோதனை, இந்தியாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னும் உறுதியாகவில்லை. இதைவிடப் பயனுள்ள பொதுச் செலவு அரிது என்பேன்.

குறை உறுதியானால், குழந்தை பிறந்த இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்சின் (செயற்கையாகத் தயாரித்த டி4) தொடங்க வேண்டும். அளவு உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 10 முதல் 15 மைக்ரோகிராம். மாத்திரையைப் பொடித்து, ஓரிரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து உடனே புகட்டலாம். பாட்டில் முழுக்கப் பாலில் கலந்தால், மீதம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்பு, கால்சியம், சோயா ஆகியவை இந்த மருந்தை உடல் உறிஞ்சவிடாது, நேர இடைவெளி விடுங்கள். மூன்று வயதுக்கு முன் நிறுத்திப் பார்க்க வேண்டாம்; அதன் பிறகும் மருத்துவர் சொன்னால் மட்டுமே, ரத்தப் பரிசோதனையோடு.