சுவரில் தூங்காத சுவிட்ச்: வைஃபை சுவிட்ச் வாங்குமுன் போர்டைப் பாருங்கள்

கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டின் பட்டாசலில், அதாவது கூடத்தில், ஏணி மேல் நின்று, எரியாமல் போன விளக்கின் ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆச்சி ஒருவர் மட்டும் இருக்கும் வீடு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது முன்கட்டான தார்சாவிலும் பட்டாசலிலும் அடுக்களையிலும் வைஃபை சுவிட்சுகளை மாட்டிவிட்டுப் போயிருந்தார். பட்டாசல் சுவிட்ச் அணைந்த நிலையில்தான் இருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தபோதும் ஹோல்டரில் மின்சாரம் இல்லை. ஆனாலும் தொழில் பழக்கத்தில், டிபி என்னும் மின்பகிர்வுப் பெட்டியில் அந்த லைனைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். மணி ஆறானதும் தார்சாவில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளக்கு தானாக எரிந்தது. அடுக்களையிலும் அப்படியே. "ஆறு மணியாச்சுன்னா அதுவா எரியும்யா. அவன் போன்ல அப்படி வச்சிட்டுப் போயிருக்கான். இங்கயும் எரியணும், இன்னைக்கு என்னமோ எரியல" என்றார் ஆச்சி.

ஹோல்டருக்கு மின்சாரம் வராததற்குக் காரணம் நான் இறக்கி வைத்த எம்சிபி. அதை இறக்காமல் ஏறியிருந்தால், அந்த ‘டிக்’ சத்தத்தோடு 230 வோல்ட் மின்சாரம் என் விரல் நுனிக்கு வந்திருக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை வீட்டு வயரிங் வேலை செய்யும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரன் என்ற முறையில், வைஃபை சுவிட்ச் மாட்டித் தரச் சொல்கிற ஒவ்வொருவரிடமும் இந்த மாலையைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். சாதாரண சுவிட்ச் என்பது இரண்டு உலோகத் துண்டுகளும் அவற்றுக்கு இடையே ஓர் இடைவெளியும்தான்; நாம் கை வைத்தால் ஒழிய அது அசையாது. வைஃபை சுவிட்சோ, தனக்கென்று ஒரு மின்வழங்கி, வானலையில் பேசும் ஒரு சில்லு (சிப்), மின்சாரத்தால் தானே திறந்து மூடும் சிறு சுவிட்சான ஒரு ரிலே ஆகியவற்றைக் கொண்ட மின்னணுக் கருவி. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து, பெங்களூரிலிருந்தோ, உள்ளே பதிந்த நேரக்கணக்கிலிருந்தோ வரும் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. ஆகவே போனில் ‘ஆஃப்’ என்று தெரிவதை வைத்து எவரும் விளக்கிலோ மின்விசிறியிலோ கை வைக்கக் கூடாது. எம்சிபியை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

விழித்திருக்கும் கருவிக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும்; அதற்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியோடு, அதைத் திருப்பி எடுத்துச் செல்லும் நியூட்ரல் கம்பியும் வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். நம் வீடுகளில் வழக்கமாக ஃபேஸ் கம்பி சுவிட்ச் போர்டுக்கு வந்து, சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். நியூட்ரல் வேறு வழியில் நேராக விளக்குக்கே போய்விடும். போர்டில் 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருந்தால், அதற்காக நியூட்ரலும் எர்த்தும் அங்கே இறக்கப்பட்டிருக்கும். பிளக் இல்லாத போர்டுகளில், குறிப்பாக மாடிப்படி டூ-வே சுவிட்சிலும் கட்டில் ஓரத்துச் சுவிட்சிலும், பெரும்பாலும் நியூட்ரல் இருப்பதில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன், நீங்கள் மாற்ற நினைக்கும் போர்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அது முதல் அடையாளம் மட்டுமே. முடிவான சோதனையை மீட்டர் வைத்து எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும். கருப்புக் கம்பியெல்லாம் நியூட்ரல் என்று நம்பவும் முடியாது. நெல்லை டவுன் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில், மரப்பட்டை வயரிங் காலத்திலிருந்து பல கைகள் மாறிய இணைப்புகளில், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலையே சுவிட்ச் வழியாகக் கொண்டுபோயிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். அதைச் சரிசெய்யாமல் அங்கே எந்தப் புதுச் சுவிட்சையும் மாட்டக் கூடாது.

நியூட்ரல் இல்லாத போர்டில் சிலர் செய்யும் குறுக்குவழிகளுள் மிகக் கொடியது, பச்சைக் கம்பியை, அதாவது எர்த்தை, நியூட்ரலாகப் பயன்படுத்துவது. கருவி உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறத்தாழ அதே 230 வோல்ட்தானே இருக்கிறது. வீட்டில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவி, இருந்தாலும், அது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத்தான் விழும். ஒரு சுவிட்ச் எடுப்பது அதைவிடக் குறைவு என்பதால் அதுவும் சத்தமில்லாமல் இருந்துவிடும். மாட்டியவர் கூலியை வாங்கிக்கொண்டு போன பிறகும் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். நம் பக்கத்துச் செம்மண்ணும் சரல் மண்ணும் கோடையில் வறண்டு கிடக்கும்போது, தண்ணீர் ஊற்றாமல் விட்ட எர்த் குழி பெயருக்குத்தான் எர்த். அந்த எர்த் கம்பி எங்கேனும் அறுந்தாலோ துருப்பிடித்து விட்டாலோ, சுவிட்சின் வழியாக வரும் மின்சாரம் அதே பச்சைக் கம்பியில் இணைந்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் உடலிலும் கிரைண்டரின் உடலிலும் வந்து நிற்கும். ஈரக் கையோடு மாவு வழிக்கப் போகிற ஒருவரைக் காக்க வேண்டிய கம்பியே அவருக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் ஆறு போர்டுகளில் இப்படிச் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பச்சைக் கம்பியை விடுவித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை.

வேறொரு லைனின் நியூட்ரலைக் கடன் வாங்குவது அடுத்த தவறு. லைனுக்கொரு ஆர்சிசிபி உள்ள வீட்டில், போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் வேறு வேறு கம்பிகளில் ஓடுவதால் அது அடிக்கடி விழும். காரணம் தெரியாமல் சிலர் அந்தப் பாதுகாப்பையே கழற்றிவிடுகிறார்கள். நியூட்ரல் தேவையில்லாத வகைச் சுவிட்சுகளும் விற்கின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறு மின்சாரத்தை ஓடவிட்டு உயிர் வாழ்பவை. குறைந்த வாட் எல்இடி விளக்குகள் அதனால் அணைந்த பிறகும் மங்கலாக ஒளிரும் அல்லது கண் சிமிட்டும். விளக்குக்குக் குறுக்கே தயாரிப்பாளர் தரும் கெப்பாசிட்டரைச் சேர்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆயினும் முறையாக ஒரு நியூட்ரல் கம்பியைக் குழாய் வழியே இழுப்பதே என் பரிந்துரை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அவற்றின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றுவதற்குத்தான் விலக்கு அளிக்கின்றன. புதிய கம்பி இழுப்பது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரே போர்டில் மின்வாரிய ஃபேஸும் இன்வெர்ட்டர் ஃபேஸும் அருகருகே இருக்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பிப் போர்டைத் திறந்தால், இன்வெர்ட்டர் ஒரு கணத்தில் விழித்துக்கொண்டு பாதிச் சுவிட்சுகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, ஒவ்வொரு கம்பியையும் சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பழைய சுவிட்சின் பின்னால் மறைத்து மாட்டும் சிறு வைஃபை மாட்யூல்களிலும் ஓர் ஏமாற்று உண்டு. சுவிட்சுக்குப் போகும் மெல்லிய கம்பிகளைப் பார்த்தால் பேட்டரி அளவு மின்சாரம் போலத் தோன்றும். பல மாட்யூல்களில் அந்த முனைகளிலும் ஃபேஸ் மின்னழுத்தமே இருக்கும்.

விளக்குக்கு மாட்டிய சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்பதால் போர் மோட்டாருக்கும் அதையே மாட்டச் சொல்கிறார்கள். மாட்டாதீர்கள். பெட்டியில் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. மோட்டார் புறப்படும் நொடியில் ஓட்ட மின்சாரத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சிறிய ரிலேயின் முனைகள் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொண்டால், போனில் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கியே தீர வேண்டும் என்றால், மாட்யூல், மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலேயான ஒரு கான்டாக்டரை மட்டும் இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். உள்ளேயே மின்னணுச் சுற்று கொண்ட பிஎல்டிசி மின்விசிறிக்கு வேகம் குறைக்கும் சுவிட்சையும் தவிர்க்க வேண்டும். அதற்கு வெறும் ஆன், ஆஃப் போதும்.

நம் வானிலையையும் இந்தக் கருவிகள் தாங்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் கம்பத்து இணைப்புகள் தளர்ந்து நியூட்ரல் அறுபட்டால், சில வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் வந்துவிடும். பழைய சுவிட்சுக்கு அதனால் ஒன்றும் ஆகாது; வைஃபை சுவிட்சின் மின்வழங்கி கருகிவிடும். டிபியில் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் துண்டிக்கும் கருவியையும், இடிமின்னல் எழுச்சியைத் தடுக்கும் கருவியையும் பொருத்திய பிறகு இந்தச் சுவிட்சுகளுக்குச் செலவு செய்வதே முறை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது தண்ணீர் புகுந்த வீடுகளில், காய்ந்துவிட்டது என்று பலர் மீண்டும் மின்சாரம் கொடுத்தார்கள். அந்த மாட்யூல்களைத் திறந்தபோது பலகை முழுவதும் வண்டலும் பச்சைக் களிம்பும் படிந்திருந்தன. நனைந்த மின்னணுச் சுவிட்சைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும். சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்களும் இரும்புப் பெட்டிகளும் அலையை மட்டுப்படுத்தும். ரவுட்டரை மாற்ற நேர்ந்தால் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே புதியதிலும் வையுங்கள். எல்லாச் சுவிட்சுகளையும் மறுபடி சேர்க்கும் வேலை மிச்சமாகும். ஒரு சுவிட்ச் சும்மா இருக்கும்போது ஒரு வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், பத்துச் சுவிட்சுகள் இரண்டு மாதத்தில் 14.4 யூனிட் எடுக்கும்.

அதைவிடப் பெரிய கவலை, சுவிட்சின் கணக்கு யாருடைய போனில் இருக்கிறது என்பது. மாட்ட வந்தவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் போனிலேயே கணக்கைத் தொடங்கிச் சேர்த்துவிட்டு, வீட்டுக்காரருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அப்போது உரிமையாளர் அவர், நீங்கள் விருந்தாளி. நீங்கள் எப்போது ஊரில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு உறங்குகிறீர்கள் என்பதை உங்கள் விளக்குகளே வேறொருவர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும். வாடகை வீட்டில் குடியிருந்தவர் காலி செய்து போன பிறகும் இதே நிலை. வீடு கை மாறும்போது சாவியை வாங்குவது போலவே, ஒவ்வொரு சுவிட்சையும் முழுமையாக ரீசெட் செய்து உங்கள் பெயரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது விளக்கு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் செயலியில் ‘ஆஃப்’ என்று வைத்துவிடுவது நல்லது. பூட்டிய வீட்டில் பகலெல்லாம் விளக்கு எரியாது.

முதியவர்கள் இருக்கும் வீட்டில் நான் ஒரு நிபந்தனை வைப்பேன். இணையம் இல்லாவிட்டாலும், போன் இல்லாவிட்டாலும், சுவரில் கை வைத்தால் விளக்கு எரிய வேண்டும், அணைய வேண்டும். விரலால் தொட்டு இயக்கும் தொடுபலகையில் இருட்டில் இடம் தெரியாமல் தடவிக்கொண்டு நிற்பது வயதானவர்களுக்கு விழுந்துவிடும் அபாயத்தைத் தருவது.

கல்லிடைக்குறிச்சி வீட்டில் அன்றே மகனைப் போனில் அழைத்துப் பேசினேன். அம்மாவை நினைத்துத்தான் செய்தேன் என்றார்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் தொடுபலகைகளை எடுத்துவிட்டு, ஆச்சி பழகிய அமுக்கு சுவிட்சுகளையே திரும்ப வைத்து, அவற்றின் பின்னால் மாட்யூல்களைப் பொருத்தினேன். ஆறு மணிக் கட்டளையைத் தார்சா விளக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டார். டிபி மூடியின் உட்புறம் ஒரு சீட்டை ஒட்டினேன்: "பட்டாசல், தார்சா, அடுக்களை: வைஃபை சுவிட்ச். விளக்கில் கை வைக்குமுன் இந்த மூன்றையும் இறக்கவும்."